கீரை வடித்த நீரைக் கொட்டலாமா?

பூவிருந்தவல்லி முதல் ஆவடி, அம்பத்தூர் வரை நம் தெருக்களில் விடிந்தும் விடியாத வேளையிலேயே கீரைக் கூடை வந்துவிடுகிறது. சில இடங்களில் கூடை தள்ளுவண்டியாகியிருக்கிறது. கூவும் குரல் ஒலிபெருக்கிக்குள் புகுந்துவிட்டது. கட்டு மட்டும் அதே வாழை நார்க் கட்டுதான். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி என்று இல்லத்தரசியின் கை பொறுக்கி எடுக்கிறது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நம் வீடுகள் பலவற்றில் கீரைச் சட்டி அடுப்பேறாமல் இருப்பதில்லை.

ஆனால் அதே அடுப்படியில் அண்மைக் காலமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கொதிக்கும் நீரில் கீரையை ஓரிரு நிமிடம் முக்கி எடுத்து, நீரை வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும் என்கிறாள் மருமகள். கைப்பேசியில் அவ்வாறு கற்றிருக்கிறாள். "வெந்த நீரைக் கொட்டினால் சத்தெல்லாம் சாக்கடைக்கல்லவா போகிறது?" என்கிறார் மாமியார். இருவரும் பிள்ளைகளின் நலம் கருதியே பேசுகின்றனர். இருவரிடத்திலும் உண்மை இருக்கிறது என்பதே வழக்கைச் சிக்கலாக்குகிறது. எந்த இலை, அந்த வீட்டில் உண்பவர் யார் என்பவற்றைக் கேட்காமல் இதற்குத் தீர்ப்புச் சொல்ல இயலாது என்பது நம் கருத்து.

முதலில், கொதிநீரில் இலைக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். இலைக்குள் நொதிகள் எனப்படும் பொருள்கள் உள்ளன. செடியிலிருந்து பறித்த பின்னும் அவை ஓய்வதில்லை. இலை வாடுவதும், மஞ்சளிப்பதும், மணம் மாறுவதும் பெரும்பாலும் அவற்றின் வேலையே. கொதிநீர் பட்டவுடன் அவை செயலிழக்கின்றன. இலையின் இடுக்குகளில் அடைந்திருந்த காற்று வெளியேறுவதால் பச்சை நிறம் முன்னிலும் பளிச்சென்று தெரிகிறது. இம்முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லின் மூலப்பொருள் 'வெளுக்கச் செய்தல்' என்பதாகும். வாதுமைப் பருப்பை வெந்நீரிலிட்டுத் தோலுரித்து வெண்மையாக்கும் வேலைக்கு ஏற்பட்ட பெயர், பச்சையைப் பளிச்சிடச் செய்யும் வேலைக்கும் நிலைத்துவிட்டது வேடிக்கைதான்.

இரண்டு நிமிடத்தைத் தாண்டி அடுப்பிலேயே விட்டுவிட்டால் கதை மாறுகிறது. பச்சையத்தின் நடுவே மக்னீசியம் என்னும் உலோக அணு ஒன்று அமர்ந்திருக்கிறது. இலை வேகும்போது அதனுள்ளிருக்கும் அமிலங்கள் வெளிப்பட்டு, அந்த மக்னீசியத்தை அப்புறப்படுத்துகின்றன. பசுமை போய்ப் பாசியேறிய பழுப்பு வருகிறது. "கீரையை மூடி வேகவிடாதே" என்று பாட்டிமார் சொல்லிவந்ததன் பொருள் இங்கே விளங்கும். அமிலங்களில் சில ஆவியோடு போகக்கூடியவை. மூடினால் அவை மீண்டும் சட்டிக்குள்ளேயே சொட்டுகின்றன. புளி சேர்த்த கீரை நிறம் மங்குவதும், புளிச்சக்கீரை எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் பச்சையாக நிற்காததும் இதனாலேயே. அந்த இலை அமிலத்தைத் தன்னோடு கொண்டே வருகிறது. நிறம் காக்கச் சிலர் சமையல் சோடா இடுகின்றனர். சோடா அமிலத்தை முறிக்கும், பச்சை நிற்கும். ஆனால் வைட்டமின் 'சி'யும் தயாமின் என்னும் 'பி' வகை வைட்டமினும் அழியும், இலையும் கூழாகும். கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று சத்தைப் பலியிடுவதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

இனி மாமியாரின் அச்சத்துக்கு வருவோம். நீரில் கரையும் சத்துகள் நீரோடு போகும் என்பது மெய். வைட்டமின் 'சி'யும் ஃபோலிக் அமிலமும் அவ்வகையின. நேரத்தையும் நீரின் அளவையும் பொறுத்து, வைட்டமின் 'சி'யில் காற்பங்கோ பாதியோ, சில வேளை அதற்கு மேலோ போய்விடும். ஃபோலிக் அமிலம் கருவுற்ற தாய்மாருக்கு இன்றியமையாதது. அவர்கள் இருக்கும் வீட்டில் இந்த இழப்பைச் சிறிதென்று தள்ள முடியாது. ஆனால் கீரையின் தலையாய செல்வமாகிய பீட்டா கரோட்டின் நீரில் கரைவதன்று, கொழுப்பில்தான் கரையும். நம் உடல் அதை வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்கிறது. வடித்த நீர் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அந்தச் செல்வம் பெரும்பாலும் இலையிலேயே தங்கிவிடுகிறது.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. நம் மாநிலத்தில் எத்தனையோ குழந்தைகளின் பார்வையோடு தொடர்புடைய செய்தி. வைட்டமின் 'ஏ' குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். பொழுது சாய்ந்ததும் குழந்தை தட்டுத் தடுமாறும். பின்னர்க் கண் வறளும். முற்றினால் கருவிழியே இளகிக் கரைந்து, மீளாக் குருடாகும். 1819-இல் தொடங்கி, இன்று சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அங்குப் பணியாற்றிய ரைட் என்னும் மருத்துவர், தென்னிந்தியக் குழந்தைகளின் கருவிழி இளகும் நோயைப் பற்றி 1922-இலேயே மருத்துவ இதழில் எழுதினார். அக்காலத்தில் குன்னூரில் உணவுச் சத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. 1918-இல் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்விலிருந்து வளர்ந்த அந்நிலையம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது. குன்னூரில் அதன் தலைவராயிருந்த அய்க்ராய்டும் ரைட்டும் சேர்ந்து, கரோட்டின் மிகுந்த செம்பனை எண்ணெயைக் கொண்டு இந்நோயைக் குணப்படுத்த முயன்று, அதன் விவரத்தை 1937-இல் வெளியிட்டனர். மருந்துப் புட்டியை நாடாமல், விளைபொருளிலிருந்தே கண்ணைக் காக்கலாம் என்ற எண்ணம் அன்றே நம் மண்ணில் ஊன்றப்பட்டது.

1970-களில் மதுரையில் அது இன்னும் நெருக்கமாக அடுப்படிக்கு வந்தது. பின்னாளில் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய மருத்துவர் கோ. வெங்கடசாமி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்து உயிர்வேதியியலாரான ஆன்டனெட் பிரி அம்மையார் முதலியோருடன் சேர்ந்து, கண் வறட்சி நோயுற்ற குழந்தைகளுக்கான உணவூட்ட மறுவாழ்வு நிலையம் ஒன்றைப் பற்றி 1976-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். நிலையத்தின் நோக்கம் எளியது. குழந்தையைக் குணப்படுத்தி அனுப்பினால் போதாது; ஊருக்குத் திரும்பியதும் பழைய உணவே என்றால் பழைய நோயே வரும். எனவே ஏழை வீட்டாலும் வாங்க இயலும் உணவைக்கொண்டே உடலைத் தேற்ற வேண்டும். தாய் அதைக் கற்றுச் செல்ல வேண்டும். 1970 முதல் நடுவணரசும் சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் 'ஏ' கரைசல் கொடுக்கும் திட்டத்தை நடத்திவருகிறது. கருவிழி இளகிய குழந்தைகளை இன்று அரிதாகவே காண்கிறோம் என்றால், இத்தனை பேருடைய உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது.

இவ்வளவுதானா? கீரை தின்றால் கண் தெரியும் என்று முடித்துவிடலாமா? அப்படியும் முடிக்க முடியாதபடி 1995-இல் ஒரு செய்தி வந்தது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மாருக்கு நாள்தோறும் கரும்பச்சைக் கீரைகளை வதக்கிக் கொடுத்துப் பார்த்தனர், டி பீ என்னும் பெண் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும். அத்தாய்மாரின் வைட்டமின் 'ஏ' நிலை எதிர்பார்த்தபடி உயரவில்லை. அதே பீட்டா கரோட்டினைப் பிரித்தெடுத்து ஒரு வகைப் பிஸ்கட்டில் சேர்த்துக் கொடுத்தபோது உயர்ந்தது. இலையில் சத்து இல்லாமலில்லை. இலையின் உயிரணுச் சுவர்களுக்குள் அது சிறைப்பட்டிருக்கிறது. முன்பெல்லாம் உணவிலுள்ள 6 பங்கு பீட்டா கரோட்டினிலிருந்து 1 பங்கு வைட்டமின் 'ஏ' கிடைக்கும் என்று கணக்கிட்டனர். 2001-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் அக்கணக்கைத் திருத்தி, 12 பங்குக்கே 1 பங்கு என்றது. கீரையின் புகழ் ஒரே கணக்கில் பாதியாகிவிட்டது!

அந்தச் சிறையை உடைப்பது எப்படி? இங்கேதான் நம் அடுப்படிக்கு ஒரு பெருமை உண்டு. வெப்பம் சுவர்களை இளக்குகிறது. அதன் பின் இலையைப் பொடியாக நறுக்குவதும் மசிப்பதும் அவற்றைச் சிதைக்கின்றன. பிறகு சிறிது எண்ணெயோ நெய்யோ சேர்ந்தால், விடுபட்ட கரோட்டின் அதில் கரைந்து குடலைக் கடக்கிறது. முழு இலையாக உண்ட கீரையைவிடக் கூழாக்கிய கீரையிலிருந்து பீட்டா கரோட்டின் மிகுதியாகக் குருதியில் சேர்ந்ததை 1990-களின் இறுதியில் நெதர்லாந்து ஆய்வொன்றும் காட்டியது. மண்சட்டியும் மத்தும் கொண்டு கீரை கடைந்து, கடுகும் மிளகாயும் எண்ணெயில் தாளித்துக் கொட்டிய நம் அன்னையர் இதையெல்லாம் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவர்களுடைய கடைசலில் வெப்பம், மசித்தல், எண்ணெய் ஆகிய மூன்றும் சேர்ந்தே இருந்தன. இன்று மேனாட்டு விருந்துப் படங்களைப் பார்த்து, முக்கி எடுத்த இலையை அப்படியே தட்டில் பரப்பி, 'எண்ணெயே இல்லாதது' என்று பெருமையோடு பரிமாறுகிறார்களே, அதுவே நமக்கு வருத்தம் தருகிறது. கொதிநீரில் முக்கி எடுப்பது பாதி வேலைதான். மத்தையும் தாளிப்பையும் அது ஓய்வுக்கு அனுப்பிவிடலாகாது.

மருமகளின் கட்சிக்கும் வலுவான சான்று உண்டு. பசலை, பாலக், முளைக்கீரை, தண்டுக்கீரை, பருப்புக்கீரை போன்றவற்றில் ஆக்சாலிக் அமிலச் சத்து மிகுதி. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து அது படிகமாகும். சிறுநீரகக் கற்களுள் பெரும்பாலானவை அத்தகைய படிகங்களே. கொதிநீரில் வேகவைத்து நீரை வடித்தால், கரையக்கூடிய ஆக்சலேட்டு காய்கறிக்கேற்ப 30 முதல் 87 விழுக்காடு வரை குறைவதாக 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. ஆவியில் வேகவைத்தால் அவ்வளவு குறைவதில்லை. கரைந்து செல்ல நீர் வேண்டுமல்லவா? வெயில் காய்ந்து, வேர்வை ஒழுகி, போதிய நீர் பருகாமல் பட்டறையிலும் வண்டியிலும் உழைப்போர் மிகுந்த பகுதி நம்முடையது. கல்லடைப்பால் துடித்தவர் ஒருவராவது இல்லாத தெரு அரிது. அத்தகையோர் இருக்கும் வீட்டில் பாலக்கையும் முளைக்கீரையையும் வடித்தே சமைப்பது நலம். 'கீரையோடு தயிர் ஆகாது' என்ற பேச்சும் இங்கே பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. தயிரிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு வெளியேற்ற உதவும். எனினும் கல் உள்ளவர் எதை எவ்வளவு உண்ணலாம் என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும். இதய வால்வு மாற்றி, குருதி உறையாதிருக்க வார்ஃபாரின் போன்ற மாத்திரை உண்போரும் அப்படியே. கீரையின் வைட்டமின் 'கே' கொதிநீரில் போய்விடாது. ஆகவே ஒரு வாரம் கீரையே இன்றியும் மறு வாரம் நாள்தோறும் கீரையுமாக அவர்கள் உண்ணலாகாது.

முருங்கைக்கீரைக்கு இந்த வடிப்பு வேண்டியதில்லை. 1971-இல் ஐதராபாத் நிறுவனம் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை, 100 கிராம் முருங்கையிலையில் 220 மில்லிகிராம் வைட்டமின் 'சி' காட்டியது. பின்னாளைய அளவீடுகள் இதைவிடக் குறைவாகச் சொன்னாலும், கீரைகளுள் அது முன்வரிசையிலேயே நிற்கிறது. அதைக் கொதிக்கவைத்து நீரைக் கொட்டுவது பணத்தை எண்ணிக் கூவத்தில் எறிவதற்கு ஒப்பாகும். சிறிது நீர் தெளித்து வதக்கி, தேங்காய்த் துருவலோடு இறக்கினால் போதும். அகத்தியின் கசப்பு அதற்குரிய குணம். அதை வடித்துப் போக்க முனைவோரோடு நமக்கு வழக்கில்லை, ஆனால் தேங்காய்ப்பாலே அவ்வேலையை இன்னும் இனிதாகச் செய்யும். வெந்தயக்கீரை, மணத்தக்காளி ஆகியவற்றையும் பருப்போடு சேர்த்து, உள்ள நீரிலேயே வேகவிடலாம்.

அப்படியானால் முக்கி எடுக்கும் முறை யாருக்கு மிகவும் பயன்படும்? அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் காலையில் ஓடுகின்ற குடும்பங்களுக்கு என்போம். ஞாயிறு திருப்பலி முடிந்து வாங்கிவரும் கீரை, மே மாத வெயிலில் மறுநாளே வாடிவிடும். வாட வாட வைட்டமின் 'சி'யும் குறைந்துகொண்டே போகும். மூன்று நாள் வாடிய பச்சைக் கீரையைவிட, அன்றே முக்கி எடுத்துக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்தது மேலானது. 2020 மே மாதத்தில் கோயம்பேட்டுச் சந்தை மூடப்பட்டு, திருமழிசைக்கு மாறியபோது, கிடைத்த நாளில் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் பல வீடுகளில் புகுந்தது. அப்போது கீரையை அப்படியே உறைபகுதியில் திணித்தவர்கள், சில வாரத்தில் அது வைக்கோல் மணம் பெற்றதைக் கண்டிருப்பார்கள். குளிர் நொதிகளின் வேகத்தைக் குறைக்குமேயன்றி, அவற்றை அடியோடு நிறுத்தாது. நிறுத்துவது கொதிநீரே.

செய்யும் முறையில் கண்டிப்பு வேண்டும். கீரையை ஆய்ந்து, மண் போக மூன்று நான்கு நீரில் அலசுக. அலசும்போது கீரையைக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மீண்டும் இலைமேல் படியும். 200 கிராம் இலைக்கு மூன்றரை லிட்டர் நீர் தேவை. அகன்ற பாத்திரத்தில் நீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். குறைந்த நீரில் நிறைய இலையைப் போட்டால் கொதி அடங்கிவிடும். மீண்டும் கொதி வருவதற்குள் இலை குழைந்துவிடும். எனவே ஒரு கட்டு முடிந்த பின்பே அடுத்த கட்டு. இலையை இட்டு, நீர் மறுபடி கொதித்ததிலிருந்து இரண்டு நிமிடம் எண்ணுக. அந்தக் கணக்கு உறையவைப்பதற்கு. உடனே சமைப்பதானால் ஒரு நிமிடமே மிகுதி. பிறகு அரிகரண்டியால் அள்ளிக் குளிர்ந்த நீரில் இடுக. நம் பகுதியில் கோடைப் பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரே கையைச் சுடும். அதில் இட்டால் வேகுதல் நிற்காது, தொடரும். மண்பானை நீரோ, பனிக்கட்டி இட்ட நீரோ வேண்டும். ஆறியதும் பிழிந்து, ஒரு வேளைக்கு ஓர் உருண்டையாகப் பிடித்து, காற்றுப் புகாத உறையிலிட்டு நாள் குறித்து வைக்கலாம். ஒற்றைக் கதவுக் குளிர்பெட்டியின் உறைபகுதி போதிய குளிர் உடையதன்று. அதில் இரண்டு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது போல நெடுநேரம் மின்சாரம் நின்று உருண்டைகள் இளகிச் சூடேறியிருந்தால், திரும்ப உறையவைக்காமல் எறிந்துவிடுவதே அறிவு.

ஒன்றை மட்டும் கொதிநீரிடம் எதிர்பார்க்க வேண்டாம். சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்த கால்வாய் நீரில் விளைந்த கீரையாயின், கிருமிகளும் புழு முட்டைகளும் நன்கு வேகவைத்தால் மடியும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் மடிவதில்லை. இலைக்குள் ஏறியவற்றை அலசியும் முக்கியும் தீர்த்துவிட முடியாது. கீரைக்காரம்மாவிடம் "எந்தத் தோட்டத்துக் கீரை, எந்தத் தண்ணீர்?" என்று கேட்பதில் வெட்கமில்லை. வாடிக்கையாக வருபவர் மறைக்கமாட்டார். இடமிருப்போர் இரண்டு பழைய வாளிகளில் அரைக்கீரை விதைத்துக்கொள்ளலாம்; மூன்று நான்கு வாரத்தில் முதல் அறுப்பு வரும்.

வடித்த நீருக்கு வருவோம். பாலக், முளைக்கீரை, பருப்புக்கீரை வடித்த நீர் கொட்டத்தக்கதே. வீட்டில் கல்லடைப்பு உள்ளவர் இல்லை, இலையும் ஆக்சலேட்டு மிகாதது என்றால், குறைந்த நீரில் வேகவைத்து அந்நீரை ரசத்திலோ பருப்பிலோ சேர்த்துவிடலாம். கருவுற்ற மருமகளுக்கு அதுவே நல்லது. கொட்டும் நீரிலும் உப்பிடாமல் இருந்தால், நன்றாக ஆறவிட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம்.